ஏழிலைப்பாலை நிழலில்

"அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிடு. அங்கே நின்று வாதம் பண்ணாதே. அவள் பேச ஆரம்பித்தால் நீ மயங்கிவிடுவாய்!"

புதுக்கோட்டையிலிருந்து என் பெரியம்மா பெண் டெலிபோனில் இப்படி உத்தரவு போட்டாள். 'அவள்' என்றது அக்காவின் ஒரே மகளை. சித்திரமும் சிற்பமும் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று, வங்காளத்தில் இருக்கும் சாந்திநிகேதனத்துக்குப் போனவள் அவள். வருஷம் நாலு ஓடிவிட்டது. பரீட்சைக்காகச் செய்து வைத்த சிற்பங்களை ஆசிரியர்கள் பார்த்து மார்க்கும் போட்டுவிட்டார்கள். ஆனால் பெண் ஊர் திரும்புகிற வழியாக இல்லை. "இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே மேல்படிப்பு" என்கிறாளாம். இங்கே அக்காவோ இரண்டு ஜாதகங்களை வாங்கி அலமாரியில் பத்திரப்படுத்திக்கொண்டு காத்திருக்கிறாள். பத்திரிகை வேலையாக நான் கொல்கத்தா போகிறேன் என்று தெரிந்ததும் தூது போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சகோதரிகளே, தூது போகிறவர்கள் ஊரைச் சுற்றிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இப்போது உங்களிடம் சொல்லப் போகிறேன்.

சிவப்பு மண்

ஹௌரா ஸ்டேஷனில் சாந்திநிகேதன் எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் போல்பூர் வந்துவிடுகிறது. நம் ஊர் ரெயிலில் சுண்டல் விற்பது போல அங்கே 'ஜால்முரி' விற்கிறார்கள். பொரியில் கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் வெங்காயமும் சேர்த்துத் தகர டப்பாவில் குலுக்கிக் காகிதப் பொட்டலத்தில் தருகிறார்கள். முதல் வாய்க்குக் கண்ணில் நீர் வந்தது. மூன்றாவது வாய்க்கு இன்னொரு பொட்டலம் வாங்கினேன். வழியில் காவி உடுத்த பாவுல் பாடகர் ஒருவர் ஏறி, ஒற்றைத் தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு பாடினார். பாஷை புரியாவிட்டாலும் வண்டி முழுவதும் கேட்டது.

போல்பூரில் 'டோட்டோ' என்ற மின்சார ரிக்ஷாவில் ஏறியவுடன் நான் முதலில் கவனித்தது மண்ணைத்தான். குங்குமத்தில் மஞ்சள் கலந்தாற்போல் சிவந்த மண். அதில் சரளைக் கல். மழை நீர் அறுத்து அறுத்துப் பள்ளமும் மேடுமாக ஆக்கிய இந்தச் செம்மண் வெளிக்குக் 'கோவாய்' என்று பெயர். புதுக்கோட்டைச் சீமையைப் பார்த்தவர்களுக்கு இது புது மண்ணாகத் தோன்றாது. "முதல் முதலாக வந்த அன்று ஊர் ஞாபகம் வந்து இந்த மண்ணைப் பார்த்துத்தான் அழுதேன், சித்தி" என்றாள், எதிர்கொண்டு அழைக்க வந்திருந்த பெண்.

நான் தூதுச் செய்தியை வாயில் எடுப்பதற்குள், "வாருங்கள், மரத்தைக் காட்டுகிறேன்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மரத்துக்கு வங்காளியில் சாத்திம் என்று பெயர். நம் தமிழில் ஏழிலைப்பாலை. கணுவில் பெரும்பாலும் ஏழு இலைகள் வட்டமாக விரிந்திருக்கும். ரவீந்திரநாத தாகூரின் தந்தை தேவேந்திரநாதர், இந்தப் பொட்டல் வெளியில் இரண்டு ஏழிலைப்பாலை மரங்களின் நிழலில் இளைப்பாறியவர், அந்த அமைதியை விட்டுப் போக மனமில்லாமல் 1863ல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார் என்று சொல்வார்கள். அந்த மரங்கள் காலத்தில் பட்டுப்போய், அவற்றின் இடத்தில் வேறு மரங்கள் நிற்கின்றன. பட்டமளிப்பு விழாவில் ஏழிலைப்பாலைக் கொத்து வழங்குவது விசுவபாரதி சர்வகலாசாலையின் மரபு.

"உனக்கு எப்போது கொத்து?" என்று கேட்டேன்.

"விழா வைக்கும்போது. எல்லா வருஷமும் நடப்பதில்லை" என்று சிரித்தாள்.

நகை விற்ற அம்மாள்

1901 டிசம்பர் 22ந் தேதி தாகூர் இங்கே பள்ளிக்கூடம் ஆரம்பித்தபோது மாணவர்கள் ஐந்தே பேர். மரத்தடியில் பாடம். இன்றும் சின்னப் பிள்ளைகள் ஆளுக்கு ஓர் ஆசனத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் போய் உட்காருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையில் விடுமுறை கிடையாது, புதன்கிழமைதான் விடுமுறை. அன்று காலையில், 1891ல் கட்டிய கண்ணாடிக் கோயிலில் பிரார்த்தனை. உள்ளே விக்கிரகம் எதுவும் இல்லை. வர்ணக் கண்ணாடி வழியே வரும் வெயில்தான் அலங்காரம்.

பள்ளிக்கூடம் ஆரம்பித்தாரே, பணத்துக்கு எங்கே போனார்? அவர் மனைவி மிருணாளினி தேவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். பிள்ளைகளுக்குச் சமைத்தும் போட்டார். ஆனால் அந்தப் பள்ளி வளர்ந்து சர்வகலாசாலை ஆனதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அடுத்த வருஷமே, 1902 நவம்பரில், காலமாகிவிட்டார். கவிக்கு நோபல் பரிசு கிடைத்தது 1913ல். விசுவபாரதி பிறந்தது 1921ல். பார்லிமெண்டுச் சட்டத்தின் மூலம் அது மத்திய சர்வகலாசாலை ஆனது 1951ல். சாந்திநிகேதனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது 2023ல். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு குடும்பப் பெண்ணின் நகைப்பெட்டி காலியாகியிருக்கிறது.

இதைக் கேட்டதும் எனக்கு அக்காவின் மொட்டைக் கை ஞாபகத்துக்கு வந்தது. பெண்ணைச் சேர்ப்பதற்கு வேண்டிய ரெயில் செலவு, விடுதிச் செலவு, வர்ணம், உளி இவற்றுக்காக அக்கா தன் வளையல்களை அடகு வைத்ததை அந்தக் குடும்பத்தில் எல்லாரும் அறிவார்கள். அத்தான் முதலில் சம்மதிக்கவில்லை. அடகுச் சீட்டைக் காட்டிய பிறகுதான் வாயை மூடிக்கொண்டார்.

"மிருணாளினி தேவியின் கதையைச் சொன்ன அன்று வகுப்பில் எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் மட்டும் எழுதவில்லை" என்றாள் பெண்.

ஆசிரியரை அண்ணா என்பது

இங்கே மாணவர்கள் ஆசிரியர்களை 'ஸார்' என்று கூப்பிடுவதில்லை. ஆண்களானால் பெயரோடு 'தா', பெண்களானால் 'தி'. அதாவது அண்ணா, அக்கா! நம் பெண் ஆரம்பத்தில் கூச்சப்பட்டுக்கொண்டு மூன்று மாதம் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாமலே காலத்தை ஓட்டினாளாம்.

அவள் படித்த கலா பவனத்தில் இந்த உறவுமுறை வெறும் பேச்சு இல்லை. ஒருவர் கை பிடித்து இன்னொருவர் வந்த கதையை அங்குள்ள சுவர்களே சொல்கின்றன. நந்தலால் போஸை நமக்குத் தெரியும். நம் அரசியல் சாசனத்தின் மூலப் பிரதிக்குத் தம் மாணவர்களோடு சேர்ந்து சித்திர அலங்காரம் செய்தவர். அவரிடம் வினோத் பிகாரி முகர்ஜி என்ற பையன் மாணவனாகச் சேர வந்தான். ஒரு கண்ணில் பார்வை கிடையாது. மற்றொரு கண்ணிலும் மிகவும் மங்கல். சித்திரம் எழுதக் கண் வேண்டுமே என்று நந்தலால் தயங்கினார். ஆர்வம் இருந்தால் படிக்கட்டும் என்றார் தாகூர்.

அந்த அரைக் கண்ணோடுதான் வினோத் பிகாரி 1946-47ல் ஹிந்தி பவனத்துச் சுவர்களில் பக்தர்கள் கூட்டத்தை எழுதினார். கபீரும் சூர்தாசரும் துளசிதாசரும் கூட்டத்தோடு கூட்டமாக நடக்கிறார்கள். நம் ராமானுஜரும் இருக்கிறார். 1956ல் ஆபரேஷன் பலிக்காமல் பார்வை முழுவதும் போயிற்று. அவர் ஓயவில்லை. காகிதத்தைக் கத்தரித்து ஒட்டினார். களிமண்ணைக் கையால் தடவி உருவம் செய்தார். கலா பவனத்தின் வெளிச் சுவரில் இருக்கும் ஓட்டுச் சித்திரம் கண் போன பிறகு செய்தது. அவரிடம் படித்த சத்யஜித் ராய் 1972ல் அவரைப் பற்றி ஒரு சினிமாவே எடுத்தார்.

நந்தலாலிடமும் வினோத் பிகாரியிடமும் படித்த இன்னொருவர் கே. ஜி. சுப்ரமண்யன். கேரளத்தில் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது 1942 போராட்டத்தில் சிறை சென்றார். 1944ல் இங்கே மாணவராக வந்து, 1980ல் பேராசிரியராகத் திரும்பி வந்தார். 'மணிதா' என்றால் சாந்திநிகேதனத்தில் எல்லாருக்கும் தெரியும். கலா பவனத்தில் ஒரு கட்டடம் முழுவதையும் கறுப்பு வெள்ளைச் சித்திரத்தால் நிரப்பியவர்; மழை அதை மங்கச் செய்ததும், எண்பது வயதுக்கு மேல் 2009ல் திரும்பவும் எழுதினார்!

பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆசிரியர்கள் எப்படி அரணாக நின்றார்கள் என்பதற்கு ஒரு சம்பவம். 1926ல் தாகூரின் 'நடீர் பூஜா' நாடகத்தில் நந்தலாலின் மகள் கௌரி ஆடினாள். கௌரவமான வீட்டுப் பெண் மேடையில் ஆடுவதா என்று பேச்சு எழுந்த காலம். மறு வருஷம் கல்கத்தாவில் அதே நாடகம் நடந்தபோது, தமக்கென்று ஒரு பிக்ஷு வேஷத்தைப் புதிதாக எழுதிச் சேர்த்துக்கொண்டு தாகூரே மேடை ஏறிவிட்டார். அறுபத்தைந்து வயதுக் கவி உடன் இருக்கையில் யார் குறை சொல்வது?

தென்னாட்டிலிருந்து போன சாவித்திரி என்ற மாணவி பாடிய தீட்சிதரின் 'மீனாக்ஷி மே முதம்' கீர்த்தனையைக் கேட்டு, அதே மெட்டில் தாகூர் வங்காளிப் பாட்டு ஒன்று புனைந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் மாணவியிடம் கற்றுக்கொண்டதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்த இடம் அது.

மேஜை மேல் ஒரு குதிரை

"எல்லாம் சரி, அந்த ஆசிரியையைப் பார்க்க வேண்டும்" என்றேன் மறுநாள். இந்தப் பெண்ணை இரண்டு வருஷம் மேலும் பிடித்து வைத்துக்கொள்ள நினைக்கிற ஆசிரியையை நேரில் கண்டு நாலு வார்த்தை சொல்வதென்று தீர்மானம் செய்திருந்தேன். பெண்ணின் முகம் ஏனோ சுருங்கியது.

போகிற வழியில் ராம்கிங்கர் பேஜின் சிற்பங்களைக் காட்டினாள். பாங்குராவில் ஏழை நாவிதர் குடும்பத்தில் பிறந்து, 1925ல் இங்கே வந்தவர். 1938ல் அவர் செய்த 'சாந்தால் குடும்பம்' வெட்டவெளியில் நிற்கிறது. குடி பெயர்ந்து போகும் தம்பதி, காவடிக் கம்பில் தொங்கும் கூடைக்குள் ஒரு குழந்தை, கூடவே நாய். வெண்கலத்துக்குப் பணம் ஏது? காலடியில் கிடந்த இந்தச் சரளையையே சிமெண்டில் கலந்து, கம்பிக்கூட்டின் மேல் அப்பி அப்பிச் செய்தார். பக்கத்தில் 1956ல் செய்த இன்னொன்று: ஆலைச் சங்கு ஊதிவிட்டதென்று இரண்டு பெண்கள் ஓடுகிறார்கள். நனைந்த புடவை ஓட்டத்திலேயே காற்றில் உலர்கிறது. பின்னால் ஒரு பையன். காலை எட்டு மணிக்கு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற நம்மில் யாரும் அதன் முன்னால் கொஞ்சம் நிற்காமல் போக முடியாது.

ஆசிரியை அம்மாளுக்குத் தலை நரைத்திருந்தது. கைத்தறிப் புடவை. மேஜை மேல் பேனாக்களுக்கு நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு மண் குதிரை. கழுத்தில் மணி, விறைத்த காது. சந்தேகமே இல்லை, நம் ஐயனார் கோயில் குதிரைதான்!

"முதல் வருஷம் நந்தன் மேளாவில் இவள் செய்து விற்றது. நான் வாங்கினேன்" என்றார். நந்தலாலின் பிறந்த நாளை ஒட்டி டிசம்பர் முதல் இரண்டு தேதிகளில் கலா பவனத்தார் நடத்தும் சந்தை அது. மாணவர்களும் ஆசிரியர்களும் செய்த பொருள்களை விற்று, வருகிற பணத்தை மாணவர்களின் கஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்மா, வீட்டில் பெற்றவள் காத்திருக்கிறாள். நீங்கள் இவளை..." என்று ஆரம்பித்தேன்.

"நானா? ஒரு மாதமாக ஊருக்குப் போ, போ என்று இவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் என்னோடு சரியாகப் பேசுவதுகூட இல்லை" என்றார் அவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். பெண் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரண்டாம் வருஷம் ராம்கிங்கர் மாதிரி செய்தாள். மூன்றாம் வருஷம் வேறொருவர் மாதிரி. நன்றாகத்தான் செய்தாள், மார்க்கும் கொடுத்தோம். இந்தக் குதிரை ஒன்றுதான் இவளுடையது. சித்தன்னவாசல் உங்கள் ஊருக்கு எவ்வளவு தூரம்?"

"பதினைந்து பதினாறு கிலோமீட்டர் இருக்கும்."

"எத்தனை தடவை போயிருக்கிறாய் என்று இவளைக் கேட்டேன். பள்ளிக்கூடத்து உல்லாசப் பயணத்தில் ஒரே ஒரு தடவையாம்! ஆயிரத்து நூறு வருஷத்துத் தாமரைக் குளம் அங்கே மேற்கூரையில் இருக்கிறது. மேல்படிப்புக்கு இங்கே இடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு வருஷம் ஊரில் இருந்து, குதிரை செய்கிறவர்களிடம் போய் உட்காரட்டும். அப்புறமும் வரவேண்டும் என்று தோன்றினால் நானே வந்து ரெயிலடியில் நிற்கிறேன்."

யுத்தத்துக்குப் போன எனக்கு எதிரி இல்லை என்று ஆகிவிட்டது!

காற்றும் மழையும்

அன்று சாயங்காலம் வானம் திடீரென்று கறுத்தது. கோடையில் வங்காளத்தில் வரும் 'கால்பைசாகி' புயல் காற்று. செம்புழுதி சுவராக எழுந்து வந்தது. நானும் பெண்ணும் ஒரு தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். மழை அடித்து ஓய்கிற வரை அரை மணி நேரம் நின்றோம். அங்கேதான் அவள் மனம் விட்டுப் பேசினாள்.

"தி சொல்வது சரி என்று எனக்குத் தெரியும், சித்தி. பயமாக இருக்கிறது. ஊருக்குப் போனால் மறுபடியும் நான் கல்யாணத்துக்கு நிற்கிற பெண். யாராவது வந்தால் புடவை மாற்றிக்கொண்டு காப்பி கொடுக்க வேண்டும். இங்கே நாலு வருஷம் மண்ணும் கையுமாக நடந்தேன். ஒருவர் திரும்பிப் பார்த்ததில்லை. முதல் வருஷம் ஜுரத்தில் கிடந்தபோது தி தன் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்தார். மார்ச் பத்தாந் தேதி காந்தி தினம். 1915ல் காந்திஜி வந்தபோது செய்தபடி அன்று சமையற்காரர்களுக்கும் துப்புரவுக்காரர்களுக்கும் விடுமுறை. ஆண் பிள்ளைகள் எல்லாம் எங்களோடு உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். ஊரில் அண்ணன் தம்பி ஒருத்தனாவது கத்திரிக்காய் நறுக்கிப் பார்த்திருக்கிறேனா? இதையெல்லாம் எப்படி விட்டு வருவது?"

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது? நான் கல்லூரியை விட்டு வந்த நாளில் எனக்கும் இதே பயம் இருந்தது.

"ஒரு வருஷம் ஜாதகத்தை எடுக்கக் கூடாது. குதிரை செய்கிறவர்கள் சூளைக்குப் போகக் கூடாது என்று அப்பா தடுக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் அம்மா சம்மதித்தால் வருகிறேன். நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்" என்றாள்.

ஆக, அக்கா அனுப்பிய தூது அக்காவுக்கே தூதாகத் திரும்பியது! அன்று இரவே டெலிபோனில் விஷயத்தைச் சொன்னேன். நிபந்தனைகளைக் கேட்டுவிட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்த அம்மாள் நிஜமாகவே இவளை ஊருக்குப் போ என்றா சொன்னார்?"

"என் காதால் கேட்டேன், அக்கா. நீ இவளிடம் எதிர்பார்க்கிறதைவிட அதிகமாக அவர் எதிர்பார்க்கிறார்."

"சரி, வரச் சொல். வளையலை மீட்கவே நாலு வருஷம் பொறுத்தேன். ஜாதகத்துக்கு ஒரு வருஷம் பொறுக்க மாட்டேனா? உன் அத்தானிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

மறுநாள் விடிந்ததும் ஏழிலைப்பாலை மரத்தடிக்குப் போனோம். இரவுக் காற்றில் சிறு கிளை ஒன்று முறிந்து ஈர மண்ணில் கிடந்தது. அதிலிருந்து ஓர் இலைக் கொத்தை எடுத்து, அவள் தன் சித்திரப் புஸ்தகத்தின் நடுவில் வைத்துக்கொண்டாள். ஸ்டேஷனுக்கு ஆசிரியை அம்மாள் வந்திருந்தார். பெண் குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு பொட்டலம் ஜால்முரி வாங்கி அவள் கையில் கொடுத்தார்.

புதுக்கோட்டை வீட்டுக் கூடத்தில் வைத்துப் பெண் அந்தக் கொத்தை அம்மாவிடம் கொடுத்தாள். "இதுதான் அம்மா எங்கள் பட்டம்" என்றாள். அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"ஆறுதானே இருக்கிறது?"

"ஒன்று ரெயிலில் உதிர்ந்துவிட்டது, அம்மா."

அக்கா ஒன்றும் சொல்லாமல் அலமாரியைத் திறந்தாள். வேறு இடம் கிடைக்காதது போல அந்த இரண்டு ஜாதகங்களுக்கும் நடுவில் கொத்தை வைத்து அழுத்தி, மேலே கனமான ராமாயணப் புஸ்தகத்தைத் தூக்கி வைத்தாள்.

"நன்றாகக் காயட்டும். இப்போது யாரும் எடுக்கக் கூடாது. காய்வதற்கு ஒரு வருஷமாவது ஆகும்" என்று, கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தானின் காதில் விழும்படி சொன்னாள்.